மீட்டு வந்த புல்டாக்: தோலையும் வாலையும் தேற்றுவது எப்படி

பூசணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தபோது டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை கேட்டே விட்டார்: "சார், கருவாடு ஏதும் எடுத்துட்டுப் போறீங்களா?" காலடியில் படுத்திருந்த நாயைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

பூசணி என்பது அவள் பெயர். ஐந்து வயது இருக்கலாம் என்றார்கள். இங்கிலீஷ் புல்டாக். தொங்கிப்போன மடியைப் பார்த்தாலே குட்டி போடுவதற்காக மட்டும் வைத்திருந்த நாய் என்று தெரிந்தது. இனி ஆகாது என்றதும் சென்னைக்கு வெளியே சாலையோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எடை 16 கிலோ. அந்த எலும்புக்கு 20 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். முதுகில் வட்ட வட்டமாக முடி இல்லை. மூக்குக்கு மேலே இருந்த மடிப்பில் பச்சைப் புண். பின்பக்கத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. முகத்திலிருந்துதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாலுக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இப்படி ஒரு புல்டாக்கை முதல்முறையாக வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தின் அளவு எதையும் இதில் சொல்லப்போவதில்லை. எடை, பரிசோதனை முடிவு, கூட இருக்கிற நோய்கள் எல்லாம் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியது அது. அவர் சொன்னதை வீட்டில் எப்படிச் செய்வது, அவரிடம் என்ன கேட்பது என்பதுதான் இங்கே.

இந்த இனத்துக்கு ஏன் இப்படி

புல்டாக்கின் தோல் அதன் உடம்பைவிட ஒரு சைஸ் பெரியது. முகம், உதட்டோரம், பெண் நாய்க்குப் பிறப்புறுப்பைச் சுற்றி, வாலடி என்று பல இடங்களில் தோலும் தோலும் ஒட்டிக் கிடக்கும். நடுவில் கண்ணீர், எச்சில், சிறுநீர் போய்த் தங்கும். காற்று போகாது. நல்ல நாயின் தோலிலும் சாதாரணமாக இருக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் மலசீசியா என்ற ஈஸ்ட்டும் அந்த இடுக்கில் கட்டுக்கடங்காமல் பெருகும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வால் தனிக் கதை. புல்டாக்கின் வால் எலும்புகள் பிறவியிலேயே கோணலாக உருவானவை. இந்தச் சுருள் வாலுக்கும் டிவிஎல்2 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதை 2018-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். ஃப்ரெஞ்ச் புல்டாக், பாஸ்டன் டெரியர் நாய்களிடமும் அதே மாற்றம் உண்டு. வெளியே நீள வேண்டிய வால் திருகிக்கொண்டு உடம்புக்குள் புதைகிறது. அதைச் சுற்றி ஒரு குழி உண்டாகிறது. சில நாய்க்கு விரல் நுனி மட்டும் போகும், சில நாய்க்கு முதல் கணு வரை போகும். நாயால் அதை நக்க முடியாது, நமக்கும் கண்ணில் படாது.

முதல் நாள்: குளிப்பாட்டாதீர்கள்

நாற்றம் தாங்காமல் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். மருத்துவர் அந்தப் பிசுக்கிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். நீங்கள் கழுவிவிட்டுப் போனால் அவருக்குக் கிடைப்பது பாதித் தகவல். ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். படர்தாமரையும் ஒருவகைச் சொறியும் நாயிடமிருந்து மனிதனுக்கு வரும். வீட்டில் வேறு நாய், பூனை இருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை தனி அறை. உடம்பு முழுக்கப் போட்டோ எடுத்து வையுங்கள்: முகம், வயிறு, நான்கு பாதங்களின் அடி, காது, வாலடி. ஒரு மாதம் கழித்து "ஒன்றுமே ஆறவில்லையே" என்று சோர்ந்துபோகும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

புண்ணில் புழு நெளிந்தால், கண்ணைத் திறக்காமல் சுருக்கிக்கொண்டே இருந்தால், சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். புழுவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அது தோலைப் பொசுக்கும், நக்கினால் உள்ளேயும் போகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எங்கள் முதல் சறுக்கல் இங்கேதான். முதலில் போன இடத்தில் நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாளே அரிப்பு நின்றது, நாங்களும் மகிழ்ந்துபோனோம். மூன்று வாரத்தில் முதுகில் முடியில்லாத வட்டங்கள் இரண்டு மடங்கு ஆயின. ஊசியில் இருந்தது ஸ்டீராய்டு. பூசணிக்கு இருந்ததோ டெமோடெக்ஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. அது மயிர்க்கால்களுக்குள் வாழும். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பெருகும். ஸ்டீராய்டு அந்தச் சக்தியைத்தான் குறைக்கிறது.

ஆகவே ஊசிக்கு முன்னால் பரிசோதனை. கண்ணாடித் தகட்டையோ ஒட்டும் டேப்பையோ தோலில் ஒற்றி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஒன்று. பாக்டீரியாவா ஈஸ்ட்டா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தோலைப் பிதுக்கி, லேசாக ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டிப் பார்ப்பது அடுத்தது. டெமோடெக்ஸ் இதில்தான் பிடிபடும். படர்தாமரை சந்தேகம் இருந்தால் முடியை எடுத்துக் கல்ச்சர் வைப்பார்கள், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள்; அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் மீட்கப்படும் நாய்களிடம் சகஜம், தைராய்டு குறைபாடு புல்டாக்குகளிடம் வருவதுண்டு. இரண்டில் எது இருந்தாலும் தோல் லேசில் ஆறாது.

முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால், குத்துமதிப்பாக இன்னொன்றுக்குத் தாவ வேண்டாம். கல்ச்சர் எடுத்து எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏகப்பட்ட மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் நாய்களிடமும் உண்டு. செலவைப் பற்றிக் கவலை இருந்தால், சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். விலாவின் இரு பக்கமும் முடி உதிர்ந்து தோல் கறுத்திருக்கிறது, ஆனால் அரிப்பும் இல்லை, நாற்றமும் இல்லை என்றால் அது தொற்றாகவே இல்லாமல் இருக்கலாம். புல்டாக்குகளுக்குப் பருவகாலத்தையொட்டி அப்படி உதிர்ந்து, தானே முளைக்கும்.

முக மடிப்பு

இது சுலபம், ஆகவே சுருக்கமாக. மூக்குக்கு மேலே கயிறு போலப் புரளும் மடிப்பை ஒரு விரலால் தூக்குங்கள். மருத்துவர் சொன்ன குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வைப்ஸால் ஒரே திசையில் துடையுங்கள். கண் பக்கம் அந்த மருந்து போகவே கூடாது, கருவிழியைப் புண்ணாக்கிவிடும். கண்ணை ஒட்டிய இடத்துக்குச் சலைன் நனைத்த துணி போதும். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உதட்டோர மடிப்பைச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தபின் துடையுங்கள், அதற்கு முன்னால் துடைத்துப் பயனில்லை.

வால் குழி

இதற்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் மகள் முன்பக்கம், நான் பின்பக்கம். அவள் தட்டில் ஒரு ஸ்பூன் தயிரைத் தடவி வைத்து நக்கவிடுவாள். தட்டு காலியாவதற்குள் நான் வேலையை முடிக்க வேண்டும். நாய்க்கு வலித்தால் திரும்பிக் கடிக்கும், அதைக் கோபித்துக்கொள்ள முடியாது. தட்டை மூஞ்சிக்குச் சாதாரண வாய்க்கூடு பொருந்தாது, மூச்சும் முட்டும். பெரிய துண்டை உருட்டிக் கழுத்தைச் சுற்றி மாலைபோல் தளர்வாகப் போட்டுப் பிடித்துக்கொண்டால் தலையைப் பின்னுக்குத் திருப்ப முடியாது.

குழி ரொம்ப ஆழமாக, சீழும் வீக்கமுமாக இருந்தால் முதல் சுத்தம் வீட்டில் வேண்டாம். மருத்துவமனையில் மயக்க மருந்து லேசாகக் கொடுத்து, சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, கழுவித் தருவார்கள். பூசணிக்கு அப்படித்தான் செய்தோம். மறுநாளிலிருந்துதான் நம் வேலை.

கையுறை போட்ட ஆள்காட்டி விரலில் மெல்லிய காஸ் துணியைச் சுற்றி, மருத்துவர் தந்த கரைசலில் நனையுங்கள். பஞ்சு வேண்டாம், இழை உள்ளே தங்கிவிடும். காது குடையும் பட்ஸ் வேண்டவே வேண்டாம், அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். இன்னொரு கையால் வாலின் அடியைத் தொட்டுத் தூக்குங்கள். தூக்க வராத வாலை வளைக்கப் பார்க்காதீர்கள், எலும்பே அப்படித்தான் இருக்கிறது. சுற்றியுள்ள தோலை விலக்கினால் போதும். விரலை வாலைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் கொண்டுபோங்கள். குழி சில நாய்க்கு வாலுக்குக் கீழே, சில நாய்க்கு மேலேயும் பக்கத்திலும் இருக்கும். முழு வட்டம் போனால்தான் தெரியும்.

முதல் துணியில் வருவது புளி கரைத்தபின் கையில் தங்குகிற சக்கை மாதிரி இருக்கும், அதே நிறம், அதே வழவழப்பு. நாற்றத்தைப் பற்றி ஆட்டோ டிரைவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். துணியை மாற்றி மாற்றி, சுத்தமாக வரும்வரை துடையுங்கள். தேய்க்கக் கூடாது, தோல் ஈரத்தில் ஊறி ஏற்கெனவே கிழியும் பதத்தில் இருக்கும். ரத்தம் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கரைசல் ஓரிரு நிமிடம் இருக்கட்டும். அப்புறம் உலர்ந்த காஸை விரலில் சுற்றி அதே வட்டத்தை மறுபடி போங்கள். இரண்டு முறை, மூன்று முறை, துணி ஈரமில்லாமல் வரும்வரை. இந்த ஒரு படியை விட்டால் மற்ற எல்லாம் வீண். நான் முதல் வாரம் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். குழிக்குள் புதிதாக ஈரத்தை ஊற்றிவிட்டு வந்ததுதான் மிச்சம். ஹேர் டிரையர் இருந்தால் சூடில்லாத காற்றை ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் காட்டலாம். களிம்பு கொடுத்திருந்தால் கடைசியில், மிக மெலிதாக. அப்பி வைத்தால் அதுவே ஈரத்தை அடைத்துக்கொள்ளும்.

முதலில் தினம் இரண்டு வேளை செய்யச் சொன்னார் எங்கள் மருத்துவர். பிறகு ஒரு வேளை. இப்போது வாரத்தில் மூன்று நாள், இது ஆயுள் முழுக்க உண்டு.

சமையலறை காலண்டரில் தினமும் ஓர் எழுத்து போட்டு வந்தேன். முதல் துணி கறுப்பாக வந்தால் 'க', பழுப்பானால் 'ப', வெள்ளையாகவே வந்தால் 'வெ'. முதல் பத்து நாள் வரிசையாக 'க'. பதினோராம் நாள் ஒரு 'ப'. முதல் 'வெ' விழுந்தது ஐந்தாவது வாரத்தில். மழைக்கால வாரங்களில் மறுபடி இரண்டு 'ப' தலைகாட்டின. மருத்துவரிடம் "பரவாயில்லைங்க டாக்டர், கொஞ்சம் தேவலை" என்று சொல்வதைவிட அந்தக் காலண்டரைக் கிழித்துக்கொண்டு போய்க் காட்டியது அவருக்கு உபயோகமாக இருந்தது.

பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தால் வால் குழி மட்டும் காரணம் இல்லை. ஆசனவாயின் இரு பக்கமும் கீழ்ப்புறத்தில், கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடங்களில் இரண்டு சுரப்பிகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டாலும் தேய்க்கும். மலத்திலோ வாலடி முடியிலோ அரிசிபோல் ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. சுரப்பியை வீட்டில் பிதுக்கிப் பார்க்காதீர்கள்.

குளியல்

பரிசோதனை முடிந்தபின் மருந்து ஷாம்பு தொடங்கும். குளோர்ஹெக்சிடின் தனியாகவோ, ஈஸ்ட்டுக்கான மைக்கோனசோல் சேர்ந்தோ இருக்கும். மேலோட்டமான தொற்றுக்கு மாத்திரையைவிட இப்படி மேலே போடும் மருந்தையே முதலில் முயலச் சொல்கிறார்கள் இப்போதைய தோல் மருத்துவர்கள். வழக்கமாக வாரம் இரண்டு குளியல்.

ஷாம்பு நுரையோடு 10 நிமிடம் தோலில் இருக்க வேண்டும். நம் கணக்கில் 10 நிமிடம் என்பது நிஜத்தில் மூன்று நிமிடம்தான் இருக்கும், ஆகவே போனில் அலாரம் வையுங்கள். வெந்நீர் கூடாது, அரிப்பையும் கூட்டும், புல்டாக்கின் உடல் சூட்டையும் ஏற்றும். காலை வெயிலுக்கு முன் அல்லது சாயங்காலம், மின்விசிறி ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில். குறட்டை மாதிரி சத்தத்தோடு வேகமாக மூச்சு வாங்கினாலோ, நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினாலோ உடனே நிறுத்தி, குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றி விசிறிக் காற்றில் வைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். இந்த நாய்களுக்கு வெப்ப மயக்கம் வர ரொம்ப நேரம் ஆகாது.

அப்புறம் துவட்டுவது. உடம்புக்கு ஒரு துண்டு, மடிப்புகளுக்கு ஒரு சின்னத் துண்டு, கால் விரலிடுக்குக்கு இன்னொன்று. விரலிடுக்கில் சிவந்த கொப்புளம் புல்டாக்குக்கு அடிக்கடி வரும். வெளியே போய் வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்தால் குறையும். உடைக்கப் பார்க்காதீர்கள்.

அத்தையின் வேப்பிலை

அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தயாராக வைத்திருந்தார். "நம்ம வீட்டு மாட்டுக்கெல்லாம் இதுதானே போட்டோம், ஆறலையா?" என்று கேட்டார். மாட்டின் முதுகுப் புண் காற்றாடக் காயும். நாயின் மடிப்புக்குள் வைத்த விழுது காயாது, அதன் ஈரமே கிருமிக்குத் தீனி. இதை அவருக்குப் புரியவைக்க அரை நாள் ஆனது. கடைசியில் துவட்டும் வேலையை அவரிடம் ஒப்படைத்தேன்; என்னைவிட நன்றாகச் செய்தார்.

தேங்காய் எண்ணெயும் மடிப்புக்கு ஆகாது. டால்கம் பவுடர் ஈரத்தோடு சேர்ந்து கட்டி தட்டும். டெட்டால், சாவ்லான் போன்ற வீட்டுக் கிருமிநாசினிகள் புண்பட்ட தோலை எரிக்கும். டீ ட்ரீ ஆயில் நாய்க்கு நஞ்சு. குழந்தைகளின் டயப்பர் க்ரீமில் இருக்கும் துத்தநாகத்தை நக்கினாலும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட மோசம், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்குகிற 'சொறி சிரங்குக்கு எல்லாம் கேட்கும்' ட்யூப்கள். பலவற்றில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்திருக்கும். முதல் வாரம் அற்புதம், இரண்டாம் மாதம் தோல் காகிதம்போல் மெலிந்துவிடும்.

மாத்திரைகள், பிறகும் நிற்காத அரிப்பு

ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், தோல் நன்றாகத் தெரிகிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் மறுபடி பார்த்துச் சொல்லட்டும். டெமோடெக்ஸுக்கு இப்போது உண்ணி, தெள்ளுப்பூச்சிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளையே பயன்படுத்துகிறார்கள். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடி முளைத்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தமில்லை. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்து இரண்டிலும் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். பெண் நாய்க்குப் பருவம் வரும்போது அது திரும்ப வரலாம் என்பதால், உடம்பு தேறியதும் கருத்தடை செய்துவிடச் சொல்வார்கள். பூசணிக்கு நான்காம் மாதம் செய்தோம்.

தொற்று எல்லாம் அடங்கியபிறகும் காலை நக்குகிறது, முகத்தைத் தேய்க்கிறது என்றால் ஒவ்வாமை இருக்கக்கூடும். தெள்ளுப்பூச்சி மருந்து மாதம் தவறாமல் போகிறதா என்று முதலில் பாருங்கள். அதன்பின் உணவுச் சோதனை: இதுவரை சாப்பிடாத ஒரே வகைப் புரதம், குறைந்தது 8 வாரம், வேறு எதுவும் வாயில் படக்கூடாது. கோழி, மாட்டிறைச்சி, பால் பொருள், கோதுமை இவைதான் நாய்களுக்கு அடிக்கடி ஒத்துக்கொள்ளாதவை. எங்கள் சோதனை ஆறாம் வாரம் கெட்டது. வாட்ச்மேன் அண்ணன் தினம் சாயங்காலம் இரண்டு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. மறுபடி முதலிலிருந்து. தயிருக்கும் தடை, மகள் முன்பக்கத்தில் வெறும் கையோடு சமாளித்தாள்.

அறுவை சிகிச்சை எப்போது

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும், இரண்டு நாள் விட்டால் குழி உடனே புண்ணாகிறது, தொட்டாலே கத்துகிறது, வால் எலும்பு தோலை உள்ளே குத்துகிறது என்றால் வாலையும் மடிப்பையும் சேர்த்து எடுத்துவிடுவதே நாய்க்கு நிம்மதி. எக்ஸ்ரே எடுத்து எலும்பு எதுவரை போகிறது என்று பார்ப்பார்கள். இடம் ஆசனவாய்க்குப் பக்கம் என்பதால் மலம் பட்டுத் தொற்று வரலாம், அரிதாக நரம்பு பாதித்து மலம் அடங்காமலும் போகலாம். எனவே இதைப் பலமுறை செய்த கைதான் வேண்டும். தட்டை மூஞ்சி நாய்களுக்கு மயக்க மருந்தில் ஆபத்து கூடுதல். முழுதாக விழிக்கும்வரை மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் செருகிய குழாயை எடுக்காமல் பக்கத்தில் ஆள் இருப்பார்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. தையல் பிரிக்கும்வரை, சுமார் 10 முதல் 14 நாள், கழுத்தில் கூம்பு இருக்க வேண்டும். பூசணிக்கு இதுவரை அந்த நிலை வரவில்லை.

வெளியூர் போகும்போது

நாயைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகளில் சோறு போடுவார்கள், நடக்கக் கூட்டிப்போவார்கள். வால் குழியை நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக்கொள்கிறார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டிவைத்திருக்கிறேன்: எந்தெந்த நாள், எந்த டப்பா, விரலை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், மருத்துவரின் எண். கடைசி வரியை அக்கா அவரே எழுதிச் சேர்த்திருக்கிறார்: "துடைச்சதும் ஃபேன் போடு. தயிர் இரண்டாவது தட்டில்."